காலி என்று எழுதிய பாதி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை ஒரு வட்டத்திலிருந்து பிறந்தது. பழைய பேப்பர்க் கட்டோடு வந்த கணக்குப் புத்தகம் ஒன்றில் 'வட்ட விளக்கப்படம்' என்று ஒரு பக்கம் இருந்தது. முழுசாக ஒன்றை எடுத்துக்கொள், பங்கு பிரி, பங்குக்கு ஒரு துண்டு போடு. அவ்வளவுதான் பாடம். படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை வைத்து ஒரு கதவைப் பூட்டிவிடலாமே! அதே வட்டத்தை வைத்துத் திறந்தும் விடலாமே!

'குந்தா மலைச்சரிவில் பனி மெல்ல விலகிக்கொண்டிரு

(வேண்டாம். பனி எந்தக் கதையில்தான் விலகவில்லை?)

'இரண்டாயிரமாம் ஆண்டில் தேயிலை விலை சரிந்ததற்குக் காரணங்கள் பல. முதலாவதாக

(இதுவும் வேண்டாம். ஐந்தாவது காரணத்துக்குள் நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.)

'சுசீலா பால் டம்ளர்களை மறுபடியும் எண்ணினாள்.'

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

சுசீலா பால் டம்ளர்களை மறுபடியும் எண்ணினாள். குந்தா பக்கத்து எஸ்டேட் ஒன்றின் மேல் டிவிஷனில், கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். அன்று மத்தியானம் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் ஹெர்பர்ட் ஒரு அட்டையோடு வந்து, அதைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து ரசித்தார். அட்டையில் பெரிய வட்டம். பாதி பச்சை, பாதி வெள்ளை.

“பை சார்ட்டுங்க. எம் பொண்ணோட கலர் பென்சில்ல போட்டேன். எப்படி இருக்குதுங்க?”

மத்தியான வேலைக்குப் போகுமுன் மகனை இறக்கிவிட வந்த சுப்பம்மா எட்டிப் பார்த்தாள். “பையா? இதுக்குக் காது எங்க, வாய் எங்க?”

“அந்தப் பை இல்லீங்க! பச்சை, இங்க வர்ற பிள்ளைக. வெள்ளை, காலி.”

வெள்ளைப் பாதியில் அழகான கையெழுத்தில் 'காலி' என்றே எழுதியிருந்தது. இருபத்திநாலு பிள்ளைகளுக்கு இடம், வருவது பன்னிரண்டு. இருபதுக்குக் கீழே போனால் காம்பராவை மூடிவிட்டு, பிள்ளைகளை மூன்று மைல் தள்ளியிருக்கும் கீழ் டிவிஷனுக்கு அனுப்புவது என்று எஸ்டேட் மானேஜர் துரை முடிவு செய்திருந்தார். நாளை பார்க்க வருகிறார்.

“மூணு மைலு தூக்கிட்டு ஓடி, விட்டுப்புட்டு, மூணு மைலு திரும்பி வந்தா எவன் பேரு போடுவான்? அதுக்கு நானும் கீழேயே படுத்துக்கிறேன்” என்றாள் சுப்பம்மா. (பேர் என்றால் எஸ்டேட்டில் ஒரு நாள் கூலிக் கணக்கு.)

தினமும் இருபத்திநாலு டம்ளர் பால் ஊற்றுகிற கை அவளுடையது. பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

3

(ஹெர்பர்ட்டை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் நாக்கைத் துருத்திக்கொண்டு, பச்சை வெளியே சிந்தாமல் வட்டத்துக்குள்ளேயே தீட்டியவர் அவர். வில்லனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? மீசையை எடுத்துவிட்டேன்.)

கதையைக் கொஞ்சம் நிறுத்தி வட்டத்தைப் பார்ப்போம். ஒரே ஒரு முழுசு, அதற்குள் சில பங்குகள், ஒருவர் ஒரு துண்டில் மட்டும்: இதற்கு வட்டத்தைப் போல அருமையான படம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் பாதி, கால் என்று கண்ணே சொல்லிவிடும். ஆனால் தேயிலை விலை வருடா வருடம் எப்படி இறங்கியது என்று காட்ட வட்டத்தைக் கூப்பிடாதீர்கள். அதற்குக் கோடு இருக்கிறது. எந்த டிவிஷனில் எத்தனை பிள்ளைகள் என்று ஒப்பிடப் பட்டைகள் இருக்கின்றன. இருபது துண்டு போட்டால் அது படமே இல்லை, மிதிபட்ட முறுக்கு. இன்னொன்று, மிக முக்கியமானது: வட்டம் பங்கைத்தான் சொல்லும். எதனுடைய பங்கு என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சுசீலா கேட்டாள்!

4

“சார், நம்ம விஜயா மக இதுல எங்க இருக்கா?”

“பச்சையிலதானுங்க.”

சுசீலா அவர் பென்சிலை வாங்கிப் பச்சையில் ஒரு புள்ளி வைத்தாள். “சுப்பம்மாக்கா மகன்?”

“அவனும் பச்சைதான்.”

இன்னொரு புள்ளி. பேர் பேராகக் கேட்டுக்கொண்டே போனாள். பதின்மூன்றாவது புள்ளி விழுந்ததும் ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றினார். இருபத்திநாலாவதில் உட்கார்ந்துவிட்டார். பதிவேட்டைப் புரட்டினார்.

விஷயம் இதுதான். விலை சரிந்ததிலிருந்து எஸ்டேட்டில் முழு நாள் வேலை கிடையாது. காலையில் ஒரு செட், மத்தியானம் ஒரு செட். அரை நாள் வேலைக்கு அரைப்பேர் என்று பெயர். தாய்க்கு அரைப்பேர் போட்ட அதே பழக்கத்தில் பிள்ளைக்கும் பதிவேட்டில் அரை போட்டிருந்தார்கள்.

“ரெண்டு அரைப்பேர் சேந்தா ஒரு பேர்தானுங்களே...” ஹெர்பர்ட்டின் குரல் இறங்கியது.

“பேரு சேரும் சார். புள்ள சேருமா?”

“சேத்துட்டாரே!” சுப்பம்மா கூடையோடு குலுங்கிச் சிரித்தாள். “ஏன் ரைட்டரய்யா, எம் மகன்ல எந்தப் பாதிய எடுத்தீங்க? வாய் இருக்கிற பாதின்னா நீங்களே வச்சுக்கிடுங்க!”

சுசீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பென்சிலால் 'காலி'யை அடித்தாள். மேலே 'மத்தியானம்' என்று எழுதினாள். பச்சையில் 'காலை'. வட்டத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: 'மொத்தம் 24 பிள்ளைகள்'.

கோடு ஒரு நூல்கூட நகரவில்லை, கண்ணுகளா! அதே வட்டம், அதே பாதி!

“வட்டம் சரிதானுங்க” என்றார் ஹெர்பர்ட் மெதுவாக. “முழுசுதான் தப்பாப் போச்சு.”

5

மறுநாள் துரை பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். உள்ளே காலைப் பிள்ளைகள் மட்டும்.

(இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் இருபத்திநாலு பேரையும் சுசீலா காலையிலேயே உட்கார வைக்கிறாள். எழுதும்போதே அவள் ஒத்துக்கொள்ளவில்லை: “அப்ப நான் எழுதின 'மத்தியானம்' பொய்யாயிருமே.” இன்னொன்றில் துரையின் கண் கலங்கி, அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொ

சீச்சீ.)

துரை தலைகளை எண்ணினார். “பன்னெண்டு. அட்டையில இருபத்திநாலுன்னு இருக்கு?”

ஹெர்பர்ட் முன்னால் வந்தார். “எந் தப்புங்க சார். முந்தி குடுத்த கணக்குல ரெண்டு பிள்ளைய ஒண்ணா எழுதிட்டேனுங்க. மிச்சப் பேர் பன்னெண்டு மணிக்கு வந்துருவாங்க.”

“நேத்து ஒரு கணக்கு, இன்னிக்கு ஒரு கணக்கா? அட்டையில என்ன வேணாலும் எழுதலாம், ஹெர்பர்ட். என் கண்ணுக்குப் பன்னெண்டுதான் தெரியுது.” துரை கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

சுசீலா வாசலுக்கு ஓடி வந்தாள். கீழே மூன்றாவது வளைவில் சுப்பம்மா தெரிகிறாள், இடுப்பில் மகன். அவள் பின்னால் வரிசையாக மத்தியானச் செட். ஏற்றம். பிள்ளையைச் சுமந்துகொண்டு இதைவிட வேகமாக யாராலும் ஏற முடியாது. இன்னும் பத்து நிமிடமாவது ஆகும்.

துரை ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

நான் போய் நிறுத்தினால் கதை எழுதுகிறவளின் தயவு ஆகிவிடும். சுசீலா அதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் நீங்கள் எழுதுகிறவர்கள் இல்லை, பார்க்க வந்தவர்கள். இவ்வளவு நேரம் வாசலிலேயேதான் நிற்கிறீர்கள். போய் அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுங்கள், என் தங்கங்களா. மழை எப்படி என்று கேளுங்கள். தேயிலை ஏல விலையைக் கேளுங்கள். அவர் பிள்ளைகள் லவ்டேல் போர்டிங் ஸ்கூலில் படிக்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் எந்த மனுஷரும் கொஞ்சம் நின்றுதான் பதில் சொல்வார்.

இரண்டாவது வளைவு தாண்டிவிட்டார்கள்.

கேளுங்கள், கேளுங்கள், சீக்கிரம்!