கைச்சூட்டு நூடுல்ஸ்

கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு பர்னபாஸின் உள்ளங்கைகள் ஆறவில்லை. அவற்றின் மேல் இரும்புச் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினால், வாயைத் திறந்து மூடுவதற்குள் எண்ணெய் புகைந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் அப்படி ஒரு சூட்டைத் தந்ததே கிடையாது. அவர் தோல் கொப்பளிக்கவில்லை, அவருக்கு வலிக்கவும் இல்லை. பக்கத்து ஊரிகத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து அவர் உள்ளங்கையில் தெர்மாமீட்டரை வைத்தார்; அது வெடித்தது; புதிது வாங்கித் தரச் சொல்லிவிட்டுப் போனார். 2001ஆம் ஆண்டு மார்ச்சில் சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் வெங்காயம் மலிவு, குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், பர்னபாஸின் கை சூடு. மூன்றையும் ஜனங்கள் ஒரே குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள்.

பர்னபாஸ் சுரங்கத்தின் அடி லெவலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு பெல் அடிக்கிற ஆள். பூமிக்குள் அத்தனை ஆழத்தில் பாறையே கொதிக்கும். சட்டையைப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொண்டுதான் வேலை. கேஜ் ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில் இருந்தது. ஒரு பெல் என்றால் நில். இரண்டு என்றால் இறங்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துத் தூக்கு. லைன் பிள்ளைகள் அ, ஆ படிக்கும் முன்பே இதைப் படித்தார்கள். கண்ணாமூச்சி ஆடும்போதுகூடத் தட்டை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் ஒளிந்த இடத்திலிருந்து வெளியே வருவார்கள். கேஜ் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் ஹரோல்ட் என்பவர் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டார். ஷிப்ட் மேலே வரும் நேரத்தில் அவருடைய பம்ப் ஸ்டவ் இரைச்சல் தெருக்கோடி வரை கேட்கும். கடைசியில் காய்ந்த சட்டியின் ஓரத்தில் வினிகரைச் சுழற்றி விடுவார், குப்பென்று ஒரு மணம் எழும்பும். உடனே கரண்டியால் விளிம்பில் மூன்று தட்டு தட்டி, "ஆளு வந்தாச்சு, பார்சல் ரெடி" என்பார். அவருக்கு அது கேலி. தொண்ணூறுகள் முழுக்க பர்னபாஸ் அந்தப் பார்சலோடுதான் வீட்டுக்கு வந்தார். மகள் பியாட்ரிஸ் அதைத் தின்று பள்ளிக்கூடம் முடித்தாள், அதைத் தின்று பி.காம் முடித்தாள். அந்த லைனில் முதல் பட்டதாரி அவள்தான் என்று சர்ச்சில் அறிவித்தார்கள். கை தட்டினார்கள். வேலை மட்டும் யாரும் தரவில்லை. அதை அவளே பெங்களூரில் தேடிக்கொண்டு தினமும் விடியற்காலை ரயில் ஏறினாள்.

கடைசி ஷிப்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கீழே ஆளாளுக்கு அழுதுகொண்டும், பாறையில் பெயர் எழுதிக்கொண்டும், ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டும் நின்றார்கள். பர்னபாஸ் எல்லோரையும் கேஜுக்குள் ஏற்றினார். பிறகு அவரும் ஏறினார். பெல் அடிக்கவில்லை. மறந்தாரா, கை வரவில்லையா என்பது தெரியாது. மேலே வின்ச் ஓட்டியவர் நேரத்தைப் பார்த்தார், கயிற்றை இழுத்தார், கேஜ் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். பர்னபாஸும் இறங்கி, நடந்து, வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பின் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை, சாப்பிடவில்லை. மனைவி நேசமணி சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனாள், உதடு பிரியவில்லை. சர்ச் ஆட்கள் வந்து ஜெபம் செய்தார்கள். அதற்கும் பிரியவில்லை.

ஹரோல்டின் நூடுல்ஸ் என்றால் வாயைத் திறப்பார் என்று பியாட்ரிஸுக்குத் தோன்றியது. ஹரோல்ட் வண்டியை ஓசூருக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். சரி, நாமே போடலாம் என்று சோயா சாஸ், வினிகர், அஜினோமோட்டோ எல்லாம் பெங்களூர் சிவாஜிநகரில் வாங்கி வந்தாள். முதல் தடவை நூடுல்ஸ் குழைந்து, போஸ்டர் ஒட்டுகிற பசையாக வந்தது. அடுத்த தடவை முக்கால் பதத்தில் இறக்கினாள், வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசினாள், எண்ணெய் பிசறி, பழைய வேட்டியில் பரப்பி ஆறவிட்டாள். கோஸையும் கேரட்டையும் குடைமிளகாயையும் தீக்குச்சி போல நறுக்கினாள். இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சட்டியில் போட்டதும் ஸ்டவ் அழுதது. கோஸ் தண்ணீர் விட்டது, நூடுல்ஸ் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தது, மண்ணெண்ணெய் நாற்றம் அதன் மேல் உட்கார்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் அந்தப் புகை மணம் வரவில்லை. எரிச்சலில் சட்டியைத் தூக்கி நகர்த்தியபோது அவள் மணிக்கட்டு அப்பாவின் கையில் பட்டது. தோல் வெந்து சிவந்தது. அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு சட்டியைத் துடைத்து அதன் மேல் வைத்தாள்.

அன்றைக்கு வந்த நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கோஸ் நறுக்கென்று இருந்தது, ஓரம் லேசாகக் கருகியிருந்தது. வினிகரைச் சுழற்றியதும் எழுந்த மணத்துக்கு எதிர் வீட்டுக் கங்கம்மா தட்டோடு வந்து நின்றாள். "ஏ நேசமணி, ஹரோல்ட் போட்டா மாதிரியே கீதே! சென்னாகிதே, நல்லா கீது! எங்க பொண்ணு ரஷ்மிக்கும் ஒரு வாய் குடு" என்றாள். பர்னபாஸ் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் சுரங்கக் கேம்பின் மறுகோடியான பாலகாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நேசமணி வாசலில் பெஞ்சு போட்டாள். சட்டியைக் கணவர் கையில் வைத்து, கிளறி, தட்டில் கொட்டி, கரண்டியில் ஒட்டியது விழ விளிம்பில் டங்கென்று ஒரு தட்டு தட்டி, அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். லைனில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாத மாதங்கள் அவை; இந்த வீட்டில் எரிந்தது. பர்னபாஸ் உட்கார்ந்த இடத்தில் இளைத்துக்கொண்டே போனார். காசு கொடுத்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் சட்டியை இன்னும் கொஞ்சம் காயவிடச் சொன்னார்கள்.

மே மாதத்தில் அவருடைய பாதங்கள் ஈரமாயின. நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தரை காய்ந்துதான் கிடந்தது. கால் மட்டும் ஊறி வெளுத்து, துடைக்கத் துடைக்க நனைந்தது. பம்பை நிறுத்திவிட்டதால் ஷாஃப்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. பியாட்ரிஸ் குனிந்து அப்பாவின் காலை முகர்ந்தாள். துருவும் வெடிமருந்தும் கலந்த அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அவர் வேலைச் சட்டையை இத்தனை வருஷம் ஊற வைத்தவள் அவள். உடம்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஆள் இன்னும் அடி லெவலில் கேஜுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? மறுநாள் ரயில் இருந்தது. ஏறிப்போனாள்.

ஜூலையில் முழங்கால் நனைந்தது, ஆகஸ்டில் இடுப்பு. தண்ணீர் ஏற ஏற பர்னபாஸ் கையைத் தூக்கினார், சட்டியும் கூடவே ஏறியது. நேசமணி முக்காலி போட்டு ஏறி நின்று கிளறினாள். வந்தவர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள்.

"அம்மா, தண்ணி நெஞ்சுக்கு வந்துகினு கீது. நைனா முழுகிடுவாரும்மா."

"இங்க எங்கடி தண்ணி? தரைய தொட்டுப் பாரு."

"வேட்டிய தொட்டுப் பாரு நீ."

"அவரு இன்னா கஷ்டப்பட்டுகினு கீறாரு? உக்காந்த எடத்துலதான கீறாரு."

"அடுப்பாம்மா அவரு?"

"அடுப்புன்னே வெச்சுக்க. அது எரிஞ்சு நாலு பேரு துண்றான். உன் பி.காம் இன்னா எரிஞ்சுது?"

பியாட்ரிஸ் எழுந்து வாசலுக்கு வந்தாள். அம்மாவின் மேல் மட்டும் கோபம் என்றால் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து உறிஞ்சுகிறவர்கள் மேலும், கை தட்டிய சர்ச் மேலும், சோயா சாஸ் வாங்கி வந்த தன் மேலும் இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது. கழுத்து நனைகிறதா என்று தினமும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஜனங்கள் அப்படியே பெஞ்சுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் மோவாய்க்குழி வரை ஏறியிருந்தது. பர்னபாஸ் தலையை அண்ணாந்து, சட்டியை உச்சிக்கு மேல் ஏந்தி உட்கார்ந்திருந்தார். பியாட்ரிஸ் தரையில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவருடைய கால்கள் அவள் கண்ணுக்கு நேரே இருந்தன. நேசமணி வினிகரைச் சுழற்றினாள். மணம் இறங்கியது. அப்போது அப்பாவின் குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்புவதை அவள் பார்த்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. ஷிப்ட் முடிந்த மணம் அல்லவா அது, எழுந்துகொள்ளப் பார்க்கிறார். அந்த நேரம் நேசமணி கரண்டியை விளிம்பில் டங்கென்று ஒரு தட்டு தட்டினாள். குதிகால்கள் இறங்கின.

ஒரு பெல். நில்.

ஒவ்வொரு தட்டுக்கும், ஒவ்வொரு நாளும், இத்தனை மாதமும், அந்த ஆளை ஏறவிடாமல் நிறுத்தியது அவர்கள்தான். தானும் அந்தக் கரண்டியை அப்படித் தட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒட்டியது விழ வேண்டுமே என்று தட்டினாள், வேறென்ன.

அவள் எழுந்து அம்மாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "இன்னாடி, ஆளுங்க காத்துகினு கீறாங்க!" என்று நேசமணி முக்காலியில் தடுமாறினாள். மகள் என்ன செய்யப் போகிறாள் என்று நேசமணிக்கும் உடனே புரிந்தது. அவளும் லைனில் பிறந்தவள்தானே. "வேணாண்டி. அவரு மேல வந்துட்டா அப்புறம் சட்டிக்கு ஏது சூடு?" என்றாள், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

பியாட்ரிஸ் கையை எட்டி மறுபடி நூடுல்ஸ் போட்டாள், கோஸ் போட்டாள், கிளறினாள், ஓரத்தில் வினிகரை விட்டாள். குதிகால்கள் எழும்பின. அவள் கரண்டியால் விளிம்பில் மூன்று முறை தட்டினாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அடி லெவலிலிருந்து கேஜ் வர நேரம் பிடிக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் பதறவில்லை. பெஞ்சிலிருந்த ஆண்கள் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். பர்னபாஸ் எச்சிலை விழுங்கினார். காது அடைக்கும்போது கேஜில் எல்லோரும் விழுங்குவது போல, விட்டு விட்டு விழுங்கினார். ஈரம் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு வடிந்தது, நெஞ்சிலிருந்து இடுப்புக்கு, அங்கிருந்து முழங்காலுக்கு. மேலே சட்டியின் சீறல் தணிந்து தணிந்து நின்றது. கடைசியாகப் பாதங்கள் காய்ந்தன. பியாட்ரிஸ் சட்டியை அவர் கையிலிருந்து இறக்கினாள். அவர் கண் கூச ஜன்னல் பக்கம் பார்த்தார், தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஹரோல்ட் பார்சல் குடுத்தானா?" என்றார்.

பியாட்ரிஸ் தட்டில் போட்டுக் கொடுத்தாள். பாதியில் சூடு போனதால் கோஸ் சரியாக வதங்கவில்லை. அவர் கையால் அள்ளி, தலை நிமிராமல் முழுத் தட்டையும் தின்றார். "வினிகர் பத்தல" என்றார். நேசமணி முக்காலியை விட்டு இறங்கி, அதை ஓரமாக நகர்த்திவிட்டு, அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாசலில் ஒருவர், "அப்ப எங்க பிளேட்டு?" என்று கேட்டார். "ஓசூருக்குப் போங்க" என்றாள் பியாட்ரிஸ். யாரும் சிரிக்கவில்லை. கட்டிப்பிடித்து அழவும் இல்லை. அவள் போய் மீதி வெங்காயத்தாளை நறுக்கி முடித்தாள், ஏனென்றால் அது பாதியில் கிடந்தது.

பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். வீட்டில் பழையபடி மண்ணெண்ணெய் ஸ்டவ், பழையபடி பசை நூடுல்ஸ். பர்னபாஸ் குறை சொல்லிக்கொண்டே தின்றார். கேம்பில் மற்ற சில வீடுகளிலும் சூடான கை இருந்திருக்கிறது, வெளியே சொல்லவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வாரம் ஒவ்வொரு வீடாகச் சட்டி விளிம்பில் மூன்று தட்டு கேட்டது. இரண்டு தெரு தள்ளி மரியகுழந்தை மட்டும் தட்டவில்லை. அவளுக்கு அந்தச் சூட்டில் ஓடும் இட்லிக் கடை இருந்தது. நவம்பரில் பர்னபாஸ் பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் ஆனார். அப்பாவும் மகளும் ஒரே ரயிலில், இருட்டில் ஏறி, எதிரெதிரே உட்கார்ந்து தூங்கினார்கள். ஷாஃப்டில் தண்ணீர் லெவல் லெவலாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த லைனில் இன்றும் கரண்டியில் ஒட்டியதைப் பெண்கள் விரலால் வழித்துப் போடுகிறார்கள். யாரும் ஒரே ஒரு முறை தட்டுவதில்லை.

டிசம்பரில் ஒரு சாயங்காலம், கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் பியாட்ரிஸ் பார்சல் கட்டச் சொன்னாள். வண்டிக்காரர் நூடுல்ஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார், வினிகரைச் சுழற்றினார், கரண்டியை விளிம்பில் டங்கென்று ஒரு தட்டு தட்டினார்.

"இன்னும் ரெண்டு தட்டுங்க" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேஜிஎஃபா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு தட்டிவிட்டுப் பார்சலைக் கட்டினார்.