இரண்டு கைகள் அறிந்த விசைப்பலகை

கணவரின் பெயரை எடெல்கா மறுபடியும் அடித்துப் பார்த்தாள். மறுபடியும் ஹங்கேரிய எழுத்துகளே வந்தன.

மிலுடின் தன் கையால் செய்த விசைப்பலகை அது. ஒவ்வொரு விசையின் மேலும் நகத்தளவு திரை. அவள் தொட்டால் அவளுடைய ஹங்கேரிய எழுத்துகள் எரியும். அவர் தொட்டால் அவருடைய செர்பிய எழுத்துகள். ஆளை அதற்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "உன் கை அடுப்பு, என் கை கிணத்துத் தண்ணி" என்று சிரிப்பாரே தவிர, வேறு பதில் சொன்னதில்லை. மாற்றும் வழியும் அவரோடு போயிற்று.

பக்கத்து அறையில், திறந்த ஜன்னலுக்கு அருகே, அவரைக் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போட்டாயிற்று. கறுப்புக் கரையிட்ட ஹங்கேரிய மரண அறிவிப்பைத் தெருக்கதவில் ஒட்டியாயிற்று. நாளைக் காலை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை, இந்த எல்லையோரச் சுபோட்டிட்சா ஊரில், செர்பிய எழுத்தில் இன்னொன்று அடித்துத்தர எந்த அச்சுக்கடை திறந்திருக்கும்?

கொழுந்தன் ராடிவோய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எங்க எழுத்துல ஒரு தாள் கதவுல இருக்கணும் அண்ணி. இல்லன்னா அண்ணன் பெட்டியை நாங்க யாரும் தூக்கமாட்டோம்."

"நீங்களே அடிச்சுப் பாருங்க."

அவர் தொட்டார். அவருக்கும் ஹங்கேரிய எழுத்துதான் எரிந்தது.

"செத்தும் குசும்பு போகல அண்ணனுக்கு."

எடெல்கா எழுந்து அந்த அறைக்குப் போனாள். மிலுடினின் விரல்களைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தலைமாட்டு மெழுகுவத்தி கரைந்து குட்டையாகும்வரை அப்படியே இருந்தாள். அவர் கை சூடேறவில்லை, பாவம். அவள் கைதான் ஆறிப்போயிற்று.

திரும்பி வந்து விசைகளின் மேல் விரல் வைத்தாள். எல்லாத் திரைகளும் ஒருமுறை இருண்டன. பிறகு ஒவ்வொன்றாக, அவருக்கு எரிவதுபோலவே, செர்பிய எழுத்துகள் எரிந்தன.

ராடிவோய் தொப்பியைக் கழற்றினார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"யாரு அண்ணி அடிக்கிறது?" என்றார், மெல்ல.

பழகாத எழுத்துகளைத் தேடித் தேடி எடெல்கா கணவரின் பெயரை அடித்தாள். வீட்டு அச்சுப்பொறியில் அச்சான தாளை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு ராடிவோய் தெருக்கதவுக்குப் போனார்.

மகள் நெவேனா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"கை விறைச்சுக் கிடக்கேம்மா. கோப்பையைக் கொஞ்சம் பிடிச்சுக்க, சூடேறும்."

எடெல்கா கோப்பையை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, விரல்களை மீண்டும் விசைகளின் மேல் வைத்தாள். அடிக்க ஒன்றுமில்லை. காப்பியின் ஆவி மெலிந்து நின்றது. விசைகளில் அவர் எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன.