முத்தலிப் காக்காவின் தாடைக் கணக்கு

1

இந்தக் கதையில் முத்தலிப் காக்காவைச் சாகடிப்பதாகத்தான் இருந்தேன். ஒளிப்பானேன்?

பனிச்சங்கேணியில், கடல்நீர் தேங்கும் களப்பின் துறையில், காலைநேர மீன் ஏலம் அவருடையது. ஆள் ஓட்டமாவடி; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்து அவர் கூவினால், வாங்க வராதவனும் மடியைத் தடவிப் பார்ப்பான். போன வருசம் ஒருநாள் மீன் வாங்கப் போனேன். அவர் இடத்தில் வேறு யாரோ நின்று கொட்டாவி விடுவதுபோல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். காக்காவுக்குத் தாடையில் புற்று, பாதித் தாடையை எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். வெற்றிலையும் புகையிலையும் பார்த்த வேலை.

எனக்குக் கவலையாக இருந்தது. கவலையோடு கவலையாக ஒரு கதையும் தோன்றியது. எழுதுகிறவன் புத்தி அப்படித்தான்.

"களப்பின் கரையில் இனி அந்தக் குரல்…" வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

"மரணம் என்பது…" சீ.

2

காக்காவுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன்.* பெயர் றிஸ்னா. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். எடுத்த எலும்புக்குப் பதிலாக வைக்கும் டைட்டேனியம் தகட்டை அவளே வடிவமைக்கட்டும் என்று விட்டேன்.

அவளுடைய கணக்கு இதுதான். கணினிக்கு ஒரு முழு உலோகக் கட்டியைக் கொடுக்கவேண்டும். எந்த இடத்தில் ஆணி, எந்த இடத்தில் சுமை என்று சொல்லவேண்டும். சுமை தாங்காத இடத்தையெல்லாம் அது சுரண்டி எறிந்துவிடும். சாதாரண வடிவக் கணக்கு விளிம்பை மட்டும் நகர்த்தும். இடவியல் கணக்குக்குத் துணிச்சல் கூட, நட்டநடுவில் புதிதாக ஓட்டையே போடும். மிஞ்சுவது இலேசாக, எலும்பைப்போலவே இருக்கும்.

எனக்கு இது பிடித்துப்போனது. கதைக்கும் இதையே செய்தேன். சுமை: சோகம். சோகத்தைத் தாங்காத வரியெல்லாம் வெளியே.

(* நிஜ முத்தலிப் காக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. கேட்கவும் வெட்கம்.)

3

[காக்கா ஏலம் கூறும் காட்சி இங்கே இருந்தது. வாசித்தால் சிரிப்பு வந்தது. நீக்கிவிட்டேன்.]

4

"அப்போதுதான் தனுஷியாவின் மருந்து ஏறியது. புற்று பனிபோலக் கரைந்…"

இந்த வரியை முடிக்கத் தனுஷியா விடவில்லை. றிஸ்னாவுக்கு நான் கொடுத்த தோழி, கொக்கட்டிச்சோலைக்காரி, வேதியியல் ஆய்வு செய்கிறவள்.

"அண்ணன், பொய் எழுதாதீங்க. என்ட மருந்து இன்னும் கண்ணாடித் தட்டிலதான் கிடக்கு."

"கதைதானே, தங்கச்சி."

"கதையெண்டாப்போல? ஆஸ்பத்திரியில ஏத்துறது பிளாட்டினம் மருந்து. அது புற்றையும் அடிக்கும், நல்ல செல்லையும் அடிக்கும். என்ட ருத்தேனியம் சேர்வை புற்றுச் செல்லுக்குள்ள போனாத்தான் முழிக்கோணும். அதுக்குத்தான் இந்தப் பாடு படுறன். முதல்ல அது முழிக்கட்டும், மறுகா எழுதுங்க."

ஆகவே காக்காவுக்குப் பிளாட்டினம்தான். அற்புதம் இரத்து.

5

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. தகட்டை முப்பரிமாண அச்சுக்கு அனுப்பவேண்டிய கடைசி நாளில் றிஸ்னா என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"சேர், கொம்பியூட்டர்ல தகடு முறியிது."

"அழகாக வந்தது என்றாயே?"

"சோறு மெல்லுற சுமையத்தான் குடுத்தன். அதுக்கு நல்லா நிக்கிது. வாயப் பெரிசாத் தொறந்து பக்கத்துக்கு இழுத்துப் பார்த்தன். மெல்லிசான இடத்தில வெடிச்சிப் போச்சி. வாப்பா என்ன தொழில் செய்றார் எண்டு இந்தக் கதையில எங்க இரிக்கி?"

"நீ மகள், உனக்குத் தெரியாதா?"

"நீங்க வெட்டினத நான் எப்படி அறியிற? சாகப்போற மனிசன் எண்டு நெனச்சி சோத்துக்கு மட்டும் தாடை செய்ய வெச்சிட்டீங்க. ஒங்கட கதையும் இப்படித்தான் சேர். யாரும் ஒருக்காச் சிரிச்சா முறிஞ்சிரும்."

கோபம் வந்தது. பிறகு பார்த்தால், அவள் சொன்னது சரி. குப்பையிலிருந்து மூன்றாம் பகுதியைத் தேடி எடுத்தேன்.

3 (திரும்ப வைத்தது)

காக்கா கொடுவாவைத் தலைக்குமேல் தூக்குகிறார்.

"கண்ணப் பாருங்க! மாப்பிள்ள பார்க்க வந்தவன்மாதிரி முழிச்சிட்டுக் கெடக்கு. மீனச் செல்றன், ஒங்கள இல்ல! ஆயிரம்! ஆயிரத்து நூறு யாரு?"

கூட்டம் சிரிக்கிறது. ஒவ்வொரு கூவலுக்கும் அவர் தாடை முழுதாகத் திறந்து இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. வெயில் ஏறும்வரை இதே வெட்டுத்தான்.

றிஸ்னா இதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்த வெட்டைச் சுமையாகச் சேர்த்தாள். கணினி ஓர் ஓட்டையை மூடியது, வேறிடத்தில் ஒன்றைத் திறந்தது, குறுக்கே ஒரு புதிய தாங்குகால் போட்டது. எப்படித் திறந்து இழுத்தும் தகடு முறியவில்லை.

"அச்சுக்குப் போகுது, சேர்!" என்றாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

6

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பொல்லாத காலம். தகடு பொருந்தியது. பிளாட்டினம் காக்காவைப் புரட்டி எடுத்தது. கஞ்சிகூட உள்ளே நிற்கவில்லை. பேச்சு குழறியது. அவரை இந்தப் பாடு படுத்தியதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நடுவில் தனுஷியா ஓடிவந்தாள். "மருந்து முழிச்சிட்டு! புற்றுச் செல் செத்துக் கிடக்கு, பக்கத்தில நல்ல செல் அப்படியே நிக்கிது!" கண்ணாடித் தட்டில்தான். எலிக்கே இன்னும் போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் ஆய்வுகூடமே அதிர்ந்தது. அந்த அதிர்வை நான் வெட்டமாட்டேன்.

7

முடிவுகள்:

அ. காக்கா இறந்துபோகிறார். (தூக்கி எறிந்தாயிற்று.)

ஆ. புற்று இனித் திரும்பவே திரும்பாது. (அதைச் சொல்ல றிஸ்னாவுக்கும் தனுஷியாவுக்கும் வாய் வரவில்லை. எனக்கு மட்டும் எப்படி வரும்?)

இ. காலை. பனிச்சங்கேணித் துறை. ஒரு கன்னம் கொஞ்சம் உள்வாங்கிய மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். கொட்டாவிக்காரர் தானாக விலகுகிறார். றிஸ்னா படகொன்றைப் பிடித்தபடி அவர் தாடையையே பார்த்து நிற்கிறாள். காக்கா கொடுவாவைத் தூக்குகிறார். தாடை திறக்கிறது, முழுதாக. இடப்பக்கம் ஒரு வெட்டு.

"கண்ணப் பாருங்க!"

தகடு நின்றது! களப்பில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

"ஆயிரத்து ஐந்நூறு! ஒருதரம்! ரெண்டுதரம்!"

இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. மூன்றாம் தரம் சொன்னால் ஏலம் முடிந்துவிடும். காக்கா மீனைத் தாழ்த்தாமல் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் விலையை ஏற்றிக் கேட்கும்வரை அவர் கூவிக்கொண்டே இருப்பார்.

ஏற்றிக் கேளுங்கள்.