மாவில் வரைந்த வடிகால்

வெள்ள அபாயத்தைக் குறைக்கவும் நீர்வழிகளைக் காக்கவும் தெருத் தலைவர்களுக்கும் தெருவாசிகளுக்கும் நடந்த மூன்று நாள் பயிற்சியின் கடைசிப் பிற்பகல். ஸ்ரீரங்கத்துச் சமுதாயக் கூடத்தின் தரையில், கொள்ளிடக் கரையோரத்துத் தெரு ஒன்று கோலமாவால் உருவாகிக்கொண்டிருந்தது. வரைந்தவள் அங்கேயே குடியிருக்கும் பூக்காரி ரெங்கம்மாள். பார்த்து நின்றவர் அந்தத் தெருவின் தலைவர் அழகிரி. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எந்த அலுவலகத்திலும் தயங்காமல் பேசக்கூடியவர்.

வடிகாலை வரைந்துவந்த ரெங்கம்மாளின் விரல்கள் அழகிரி வீட்டின் பின்புறம் ஒரு கணம் நின்றன. பிறகு ஒன்றும் இல்லாததுபோல் நேராக ஆற்றுப்பக்கம் இழுத்துவிட்டன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கார் நிறுத்த இடம் வேண்டி, அந்த வடிகாலைக் கட்டட இடிபாடு கொட்டி மூடியவர் அழகிரிதான். நண்டு தன் வளைக்காக வரப்பைக் குடையும். ஆனால், நண்டை யாரும் வரப்புக்குக் காவல் வைப்பதில்லை.

"வடிகால் ஆறு வரைக்கும் போகுதுன்னா, மழை பெய்தா தண்ணி ஏன் உங்க வீட்டுல தேங்குது?" என்று ரெங்கம்மாளிடம் கேட்டாள் பயிற்சியாளர் ஸ்ரீவித்யா.

"எங்க வீடு பள்ளங்க. எங்க தலையெழுத்து."

"தண்ணிக்கும் மரியாதை தெரியுதுங்க, பெரியவங்க வீட்டுப் பக்கம் போறதில்ல!" என்றான் மெக்கானிக் அன்வர். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

ஸ்ரீவித்யா திட்டத்தாளில் எழுதினாள்: 'ரெங்கம்மாள் குடும்பம் மழைக்கு முன் வேறிடம் மாறவேண்டும்.' தாளை அழகிரியிடம் நீட்டினாள்.

"தலைவர் முதல்ல கையெழுத்துப் போடுங்க, சார்."

பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்துதான், மானம் தப்பிவிடும், அவள் வீடு போய்விடும். ரெங்கம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் மாவுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருணைதான் அவரைச் சுட்டது.

மண்டியிட்டு, தம் வீட்டின் பின்னால் ஓடிய வெள்ளைக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

"கோடு தப்பும்மா. இங்க அடைஞ்சிருக்கு. அடைச்சவன் நான்."

யாராவது திடுக்கிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் திடுக்கிடவில்லை.

"தெரிஞ்சதுதானேண்ணே," என்றாள் ரெங்கம்மாள் மெதுவாக. "நீங்களா சொல்லாம நாங்க எப்படிச் சொல்றது?"

மூன்று ஆண்டுகளாக அவருக்கு வணக்கம் சொன்ன கைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. தலை நிமிரவில்லை.

"அன்வர், நாளைக்குக் கடப்பாரை கிடைக்குமாப்பா?"

"நாளைக்கு எதுக்குங்க? என் வண்டியிலேயே கிடக்கு. ராத்திரி உங்க மனசு மாறிடுச்சுன்னா?"

இம்முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை. கையெழுத்திடாத தாளை ஸ்ரீவித்யாவிடம் கொடுத்துவிட்டு, அழகிரி முதல் ஆளாக வாசலை நோக்கி நடந்தார்.