பித்தளை வில்லை

மலர்வளையத்திலிருந்து கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு, ஃப்ரீசர் பெட்டியின் மூடியைக் கீறிக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிடலாம் என்று மானசா பின்பக்க ஷெட்டுக்கு வந்து, கருவிகள் தொங்கும் பலகையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். எடுத்த கையோடு அது தொங்கிய ஆணியில் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்டினாள். மாட்டிய பிறகுதான், இன்றைக்குமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பா வெங்கடபதி ஏற்படுத்திய பழக்கம். விமானப்படையில் எஞ்சின் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். கடைசியாக வேலை பார்த்த சூலூரிலேயே வீடு கட்டிக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் விரிவுரையாளராகச் சேர்ந்து, பேராசிரியராகி, துறைத் தலைவராக வெளியே வந்தார். பதவி மாறியதே தவிர பலகை மாறவில்லை. விமானப்படையில் இருந்த மாதிரியே கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு பலகை, இந்த ஷெட்டிலும் ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் சிவப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். எடுப்பவர் தன் வில்லையை மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். கருவி திரும்பி வந்த பிறகுதான் வில்லையைக் கழற்றலாம். வீட்டில் எல்லோருக்கும் வில்லை உண்டு. அம்மா மட்டும் தன்னுடையதைத் தொட்டதே இல்லை.

கல்லூரியில் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் ஒர்க்‌ஷாப் கதவைச் சாத்திவிடுவார். அங்கேயே படித்த மானசாவையும் மகள் என்று பார்க்காமல் ஒருநாள் வகுப்போடு நிறுத்திவைத்தார். காலேஜ் பஸ் போய்விட்டது. பிரின்சிபாலே வந்து சொல்லிப் பார்த்தார்.

"விமானத்துக்குள்ள ஒரு ஸ்பேனர் மறந்து கெடந்தா, மேல போனவன் கீழ வரமாட்டானுங்க. இங்க இருக்கறது லேத்துதான். பழக்கம் ஒண்ணுதானுங்களே?" என்றார் அப்பா. அன்று மானசாவுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

பிளேயரோடு திரும்பும்போதுதான் கவனித்தாள். கீழ் வரிசையில், சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் வில்லை தொங்கியது.

ஸ்க்ரூ டிரைவர் மேசை இழுப்பறையிலும் இல்லை, நேற்று அவர் போட்டிருந்த சட்டைப் பையிலும் இல்லை. நேற்றுக் காலை எதையோ சரிசெய்ய எடுத்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழவில்லை. அவர் பெயர் அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க அவரை அனுப்பக் கூடாது என்று மட்டும் மானசாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

அம்மா ராமாமணி பெட்டிக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அப்பா நேத்து என்ன ரிப்பேர் பண்ணீட்டு இருந்தாரு?"

"அவரு எதைத்தான் பண்ணாம உட்டாரு" என்றாள் அம்மா. தலைப்பை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மின்மயானத்துக்குப் போகும் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அது கிடைத்த பிறகே கிளம்பலாம் என்று மானசா சொன்னதைக் கேட்டு, அப்பாவின் தம்பி ராஜகோபால் தலையில் கைவைத்தார்.

"ஏன் அம்மணி, ஒரு ஸ்க்ரூ டிரைவருக்கா வண்டிய நிறுத்தறே? ராகு காலம் வந்துபோடும். நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அவரு இருந்தா நம்மள வெளிய உடுவாருங்களா சித்தப்பா?"

பக்கத்தில் நின்ற ஆசிப் திரும்பினான். அவளோடு அந்த ஒர்க்‌ஷாப்பில் அன்று மாட்டிக்கொண்ட வகுப்புத் தோழன். இப்போது கணபதி பகுதியில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறான்.

"எது காணோம் மானசா?"

"கீழ் வரிசைல இருக்குமே, சின்னது. மஞ்சக் கைப்பிடி."

ஆசிப் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் வாசல்ல இருந்து பாக்கறேன்" என்று குனிந்தான். அதைப் பார்த்து, துக்கத்துக்கு வந்திருந்த அப்பாவின் பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வழுக்கை விழுந்த ஒருவர் சோபாவுக்கடியில் கையை விட்டார். இன்னொருவர் துவைத்த வேட்டியோடு செடிகளுக்கு நடுவே தவழ்ந்தார். விமானப்படை நண்பர் ஒருவர் கேட்டருகே போய் நின்று, "கெடைக்கற வரைக்கும் யாரும் வெளிய போக வேண்டாங்க" என்றார். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மானசா அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். அம்மா இடது கையால் வாங்கிக் குனிந்து குடித்தாள். அவளுடைய மூக்குக் கண்ணாடி குனிந்தாலே நழுவி விழும். ஒரு மாதமாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அது இறங்காமல் நின்றது.

மானசா தலைப்பை விலக்கி அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். இறுக மூடியிருந்த விரல்களுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது.

"போட்டுப் பாருன்னு கண்ணாடியக் குடுத்தாரு. இதைப் புடி, கை கழுவீட்டு வாரேன்னு போனாரு கண்ணு" என்றாள் அம்மா.

மானசா கையை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும். அது வரைக்கும் வண்டி நிக்குமில்ல."

சித்தப்பா உள்ளே வந்து, "கெடைச்சுதா அம்மணி?" என்றார்.

"இல்லீங்க சித்தப்பா."

மானசா அம்மாவின் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடினாள். பிறகு வாசலுக்குப் போய், ஆசிப்புக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, குவிந்து கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.