கால்மாட்டுக் கல்

பினாங்குக் கடற்கரைத் திடலில் இரண்டு கற்களுக்கு நடுவே, மண்ணுக்கு அடியிலிருந்து ஒருவர் தட்டத் தொடங்கியது 2022 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அன்று நல்ல வெயில். கெம்போங் மீன் விலை சற்று ஏறியிருந்தது. போர்க் காலத்தில் இங்கிருந்து புறப்பட்டு எங்கோ மூழ்கிப்போன ஓர் அந்நிய நீர்மூழ்கிக் கப்பலின் ஐம்பத்தாறு மாலுமிகளுக்காக முந்தின நாள்தான் அங்கே நினைவுக்கல் நட்டிருந்தார்கள். கல்லைச் செதுக்கியவர் ஷேக் அலாவுதீன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் முப்பது வருடமாகக் கபுறுகளுக்கு, அதாவது கல்லறைகளுக்கு, மீசான் கல் அடித்துக் கொடுப்பவர். நினைவுக்குழு கேட்டது ஒரே ஒரு கல். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று என்று ஜோடியாகவே அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பெயர்கள் பொறித்த கல்லிலிருந்து ஆறடி தள்ளி, எழுத்தில்லாத சின்னக் கல் ஒன்றையும் நட்டுவிட்டு, "கால்மாட்டுக்கு இல்லாம எப்படி லா? இது நம்ம அன்பளிப்பு" என்று சொல்லிப் போனார். இரண்டு கல் நட்டால் அது கபுறு. கபுறு என்று இருந்தால் ஆள் வரத்தான் செய்வார். வந்துவிட்டார்.

இரும்பில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. புல் நனைந்து உப்பாக இருந்தது. தண்ணீர்க் குழாய் பார்க்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுக் குழாயே இல்லை என்றார்கள். நான்கு அடி தோண்டியதில் கடல்நீரும் ஒரு நண்டும் கிடைத்தன. சத்தம் இன்னும் கீழே போய்விட்டது. பயந்துபோய் மூடிவிட்டார்கள். ஒருவர் பாத்திஹா ஓதினார், இன்னொருவர் தேங்காய் உடைத்தார். கீழே இருந்தவர் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம் சுங்கை பினாங்கிலிருந்து நல்லம்மாள் பஸ் ஏறி வந்தார். வயது எழுபத்தெட்டு. ஒரு தடவைதான் கேட்டார்; அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா வேலு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1944இல் அந்தக் கப்பலுக்குள் அரிசி மூட்டையோடு இறங்கினார். அந்த நேரம் பார்த்து விமானம் வருகிறது என்று சங்கு ஊத, மூடியை அடைத்துக்கொண்டு கப்பல் போயே போய்விட்டது. நல்லம்மாள் அப்போது ஏழு மாதக் கரு. போனவர் வருவாரா மாட்டாரா என்று யாரும் சொல்லாததால் அம்மா தாலியைக் கழற்றாமலே கண்ணை மூடினார். மகளும் இன்றுவரை திதி கொடுத்ததில்லை. மூட்டைக்காரர்கள் கொக்கியால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றும் என்றால் மூட்டை இறக்கியாச்சு, மேலே வர வழி விடு என்று அர்த்தம். வீட்டுக் கதவையும் வேலு அப்படித்தான் தட்டுவாராம். அம்மா சொல்லி நல்லம்மாளுக்குத் தெரியும்.

"பேரு உள்ள அம்பத்தாறு பேரும் அமைதியா கெடக்காங்க. பேரு இல்லாத மனுசன்தான் தட்டுறாரு. எங்கப்பா பேரையும் போடுங்க" என்று நினைவுக்குழுச் செயலாளர் ஹஸ்ருலிடம் கேட்டார்.

"லிஸ்ட்ல இல்லையே அக்கா. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?" என்றார் ஹஸ்ருல். நல்ல மனிதர்தான். வெளிநாட்டுக்குப் பதினோரு கடிதம் எழுதினார். மாலுமிகள் பட்டியலில் கூலியாள் கிடையாது என்று பதினோரு தடவையும் மரியாதையாகப் பதில் வந்தது. மூன்று வருடம் இப்படியே போயிற்று. நல்லம்மாள் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து, புல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்த டம்ளரால் பதில் தட்டுவார். கீழே சத்தம் உடனே வேகமாகும். அந்த அரைமணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

போன வருடம் வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதாகத் தகவல் வந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத கால்மாட்டுக் கல்லைப் பிடுங்கிவிடச் சொன்னது நினைவுக்குழு. அலாவுதீனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பெரிய கல்லு அவங்களுது. இது ஏங் கல்லு. யாரு கேக்குறா பாப்போம்" என்று உளியோடு வந்து உட்கார்ந்தார். 'வேலு, மூட்டை இறக்கப் போனவர்' என்று வெட்டினார். நல்லம்மாள் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிப் புள்ளி விழுந்ததும் கீழேயிருந்து வந்த சத்தம் நின்றது.

நல்லம்மாள் தட்டினார். மறுபடி தட்டினார். குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்தார். புல் காய்ந்திருந்தது.

"தம்பி, அப்பா சத்தத்தக் காணோமே."

"ஒறங்கட்டும்கா. பேரு கெடைச்சிருச்சில்ல."

"வேணாம் தம்பி. அந்தப் பேர அழிச்சிரு. நான் தெரியாம கேட்டுட்டேன். அழிச்சிரு தம்பி."

அலாவுதீன் கையைப் பிசைந்தார். "கல்லுல வெட்டுனத எப்படிக்கா அழிக்கிறது?" என்றார். கல்லைப் பிடுங்க வந்த ஆட்களும் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

இரண்டு கல்லும் அங்கேயே இருக்கின்றன. விருந்தினர்கள் வந்து பெரிய கல்லுக்கு ஒன்றும் சின்னக் கல்லுக்கு ஒன்றுமாக மலர்வளையம் வைத்துப் போனார்கள். காலை ஒன்பது மணிக்குத் திடலில் தட்டும் சத்தம் இன்றும் கேட்கிறது. நடைப்பயிற்சி செய்கிறவர்கள் அதை வைத்துத்தான் மணி பார்க்கிறார்கள். இப்போது மேலேயிருந்து நல்லம்மாள்தான் டம்ளரால் தட்டுகிறார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. மழை பெய்தால் குடை கொண்டுவருகிறார்.