யாதம்மா வாங்கிய நூற்றுக்கு நூறு

“சின்னக் குழந்தைங்க ரூமை ரெண்டு நாள் மூடணும், மேடம்.”

ப்ரியம்வதா குடித்துக்கொண்டிருந்த காபியை மேசையில் வைத்தார். பிந்து வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் அவர் கண்டிப்பாகச் சொல்லிவைத்தது இது ஒன்றைத்தான். லீவு கேள், புது ஃபேன் கேள், ஆயாக்களைப் பற்றிப் புகார் சொல். அறையை மூடச்சொல்லி மட்டும் கேட்காதே. மழையோ பந்தோ, காலை எட்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும் என்ற பேரை வைத்துத்தான் அவருடைய குழந்தைகள் காப்பகம் சிகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பதினான்கு வருடமாக ஓடுகிறது.

“எதுக்கு?”

“ஆயாங்க ஆறு பேருக்கும் முதலுதவி டிரெயினிங். மாரெட்பள்ளியில ஒருத்தங்க இருக்காங்க, தெலுங்குலயே சொல்லித்தருவாங்க. பொம்மையை மடியில குடுத்து ஒவ்வொருத்தரையும் செய்யவெச்சுப் பாப்பாங்க. ஞாயித்துக்கிழமை வரமாட்டாங்களாம். ரெண்டு ரெண்டு பேரா அனுப்பினா மிச்ச நாலு பேர் பதினெட்டுக் குழந்தையைப் பாக்க முடியாது.”

“டிரெயினிங்தான் முடிஞ்சிடுச்சே. எல்லாருக்கும் சர்டிஃபிகேட் இருக்கே!”

இருந்தது. வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு வரிசையாக மாட்டியிருந்தது. பிந்து அந்தப் பக்கம் பார்க்காமலே கடந்துபோவாள்.

போன மாதம் வந்த ஆன்லைன் பயிற்சி அது. முழுக்க ஆங்கிலம். ஆயாக்களில் மூன்று பேருக்குத் தெலுங்கே எழுத்துக்கூட்டத்தான் வரும், மற்ற மூன்று பேருக்கு அதுவும் வராது. “நீதானே டிகிரி படிச்சவ, உக்காந்து முடிச்சுக் குடுத்துடு,” என்றார் மேடம். முடித்துக் கொடுத்தாள். தன் பேரில் ஒரு தடவை, அவர்கள் பேரில் ஆறு தடவை. அதே வீடியோ, அதே இருபது கேள்விகள். கடைசித் தடவை வீடியோவை ஓடவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மல்லாபூர் ஃபாக்டரியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் அம்மா, எங்க வீட்டுல முதல் டிகிரி என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்த படிப்பு. அதை வைத்து அவள் பார்த்த முதல் பெரிய காரியம் ஆள்மாறாட்டம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, பத்து மாதக் குழந்தை தீபக்கின் தொண்டையில் ஆப்பிள் துண்டு அடைத்துக்கொண்டது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த யாதம்மா பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டு எடுக்கப் பார்த்தாள். துண்டு இன்னும் உள்ளே போயிற்று. அவளுடைய அலறல் கேட்டு பிந்து பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தபோது குழந்தையிடம் சத்தமே இல்லை. பிடுங்கி, முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் தட்டினாள். நாலாவது தட்டில் துண்டு வெளியே விழுந்தது. தீபக் வீறிட்டு அழுதான். பிந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“விரலை விடக்கூடாதுன்னு தெரியாதா?” என்று யாதம்மாவிடம் தெலுங்கில் கத்தினாள்.

“நாக்கெவரு செப்பினாரு, பிந்து?” என்றாள் யாதம்மா. எனக்கு யார் சொன்னார்கள்? அவள் குரலில் கோபம்கூட இல்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்; அவர்களுக்கும் அப்படித்தான் எடுத்தாளாம்.

பயிற்சியில் பதினோராவது கேள்வியே அதுதான். கண்ணுக்குத் தெரியாத அடைப்பை விரல் விட்டு எடுக்கலாமா? கூடாது என்று யாதம்மாவின் பேரில் பதில் போட்டவள் பிந்து. யாதம்மா நூற்றுக்கு நூறு.

“அதான் ஒண்ணும் ஆகலையே,” என்றார் ப்ரியம்வதா இப்போது.

“நான் பக்கத்து ரூம்ல இருந்தேன், அதனால ஆகலை. பாத்ரூம்ல இருந்திருந்தா? தீபக் அம்மாகிட்ட சொன்னீங்களா?”

“வேதாகிட்டயா? அவளே லேப்ல ஏதோ டெஸ்டிங்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கா. இங்க பாரு பிந்து, இவங்கல்லாம் ராக்கெட் விடறவங்க. ரெண்டு நாள் லீவு போட்டுப் பிள்ளையைப் பாத்துக்கோங்கன்னா, மூணாம் நாள் எதிர்த்தெருவுல கொண்டுபோய் விட்டுடுவாங்க. அப்புறம் நீயும் நானும் அந்தப் பொம்மையை மடியில வெச்சுத் தாலாட்டலாம்.”

பிந்துவுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அதுதான் எரிச்சல். இந்த அம்மாள் பொல்லாதவரும் இல்லை. குழந்தைக்கு ஜுரம் என்றால் தன் காரிலேயே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறவர். பொல்லாதவராக இருந்தால் கத்திவிட்டுப் போய்விடலாம்.

ப்ரியம்வதா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். “நல்ல நேரத்துல வந்தே. ரெஃப்ரெஷர் கோர்ஸ் வந்திருக்கு. அவங்க ஸ்டாஃப் பிள்ளைங்களை இங்க விடலாமான்னு பாக்க நாளைக்கு ஒரு ஐ.டி. கம்பெனிக்காரங்க வர்றாங்க. இப்பவே ஆறு பேருக்கும் முடிச்சுடு. அடுத்த மாசத்துலேருந்து நீதான் சென்டர் இன்சார்ஜ். தமிழ் பேசற நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நம்பித்தானே உன்கிட்ட எல்லாத்தையும் விட்டிருக்கேன்.”

“எந்த ஊரு, மேடம்? எங்க தாத்தாவே சிகந்திராபாத்துல பொறந்தவரு.”

சொல்லிவிட்டாளே தவிர, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சென்டர் இன்சார்ஜ். அம்மா கேட்டால் தெருவுக்கே மைசூர்பாகு கொடுப்பாள். பட்டியலில் முதல் பேரைத் தொட்டாள். வருக யாதம்மா, என்று திரை ஆங்கிலத்தில் வரவேற்றது. கதவுக்கு அப்பால் யாதம்மா, யாரோ துப்பிய பருப்புச் சாதத்தைத் தரையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் தீபக்.

பிந்து லேப்டாப்பை மூடினாள்.

“நக்கோ, மேடம்.” வாயில் வந்தது ஊர் உருதுதான்: வேண்டாம்.

“என்ன நக்கோ?”

“எழுதமாட்டேன். வேதா மேடம் வர்ற நேரமாச்சு, அவங்ககிட்ட சொல்லப்போறேன். செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சுன்னும் சொல்றேன், யாதம்மா பரீட்சையை எழுதினது யாருன்னும் சொல்றேன்.”

ப்ரியம்வதா எழுந்தே விட்டார். “பைத்தியமாடி உனக்கு? முதல்ல உன் சர்டிஃபிகேட்டைத்தான் பிடுங்குவாங்க! இந்த ஏரியாவுல ஒரு காப்பகமும் உன்னை வாசல்ல ஏத்தாது!”

“ஹவ்,” என்றாள் பிந்து. ஆமாம்தான்.

அது தெரியாமலா? நேற்று முழுக்க அதை நினைத்துத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தாள். வேதா வந்து, குழந்தையை முத்தமிட்டு, “தேங்க்ஸ் பிந்து, நீங்க இருக்கறதால நிம்மதியா இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். இன்றும் அதைக் கேட்க அவளால் ஆகாது.

கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வேதா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“பிந்து, இரு. தீபாவளிக்கு எப்படியும் மூடுவோம் இல்ல? அப்ப வெச்சுக்கலாம் உன் டிரெயினிங்கை! பிந்து!”

தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. பிந்து செருப்புக்குள் காலை நுழைத்தாள். வாரைப் போடக்கூட நிற்காமல், படியிறங்கி, கேட்டை நோக்கி நடந்தாள்.